மாடி ஏறிய பட்டி

மாடு மாடிப்படி ஏறும், இறங்காது. இது எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மாட்டுப் பொங்கலன்று காலையில் தெருவில் பாதிப் பேர் என்னிடம் சொன்னார்கள். என்னைவிட விவசாயம் தெரியாதவர்கள் பேச்சை எதற்குக் கேட்பது என்று இருந்துவிட்டேன். என்னைவிட விவசாயம் தெரியாதவர் எங்கள் தெருவிலேயே யாரும் இல்லை என்பது அன்று சாயங்காலம்தான் தெரிந்தது.

என் பெயர் தம்பிதுரை. கோயமுத்தூரில் கணபதிப் பக்கம், ஒரு காலத்தில் நூல் குடோனாக இருந்த கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நானும் என் மனைவி பாப்பாயியும் குடியிருக்கிறோம். கீழே கீதாவின் மாவு மில். எங்கள் தலைக்கு மேலே மொட்டைமாடி. நூல் மூட்டைகளைத் தோளில் தூக்கி ஏற்றுவதற்காகக் கட்டிய கட்டடம் என்பதால் தளம் கெட்டி, படிக்கட்டு அகலம். ஒருவர் ஏற, ஒருவர் இறங்க, உரசாமல் போகலாம். அந்த அகலம்தான் என் குடியைக் கெடுத்தது.

மொட்டைமாடியில் பாப்பாயி தோட்டம் போட்டிருக்கிறாள். பழைய பெயின்ட் டப்பா, உடைந்த வாஷிங் மெஷின் தொட்டி, தண்ணீர் டிரம்மை நெடுக அறுத்த பாதிகள், இவற்றில் கத்திரி, தக்காளி, மிளகாய், அரைக்கீரை, பந்தலில் பீர்க்கன். தெருக்காரர்கள் காய்கறித் தோல், டீத்தூள் சக்கை எல்லாம் வாளியில் கொண்டுவந்து வைப்பார்கள். கீதா தன் பங்குக்கு மில்லில் கூட்டி அள்ளிய மாவுத் தூசியைத் தருவாள். பாப்பாயி அதையெல்லாம் மட்க வைத்து மண்ணாக்கி, கீரையாக்கி, அதே வாளிகளில் திருப்பி அனுப்புவாள். மண் கலப்பது, விதை போடுவது, கொடி கட்டுவது, வேப்பெண்ணெய் தெளிப்பது எல்லாம் அவள். வந்தவர்களுக்கு விளக்கிச் சொல்வது நான்.

அதனால் தெருவில் என்னைத்தான் விவசாயி என்று நினைத்தார்கள். என் மீசையும் அதற்கு ஒரு காரணம். ஆனைமலையில் பிறந்தவன் என்பது இன்னொரு காரணம். ஆனைமலையில் என்னைப் பெற்ற ஐயனுக்கு இருந்தது வாடகை சைக்கிள் கடை என்பதை நான் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. நான் பம்புசெட்டு கம்பெனியில் மோட்டாருக்கு வைண்டிங் சுற்றி ஓய்வு பெற்றவன். எத்தனையோ கிணற்றுத் தண்ணீரை மேலே ஏற்ற வழி செய்திருக்கிறேன். ஏறிய தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

ஆனால் விளக்குவேன். எங்கள் பீர்க்கங்கொடி தெருவைத் தாண்டி எதிர்வீட்டு மாடிக்குப் போய்க் காய்த்தது. எதிர்வீட்டுக்காரர் யோக்கியர்; காயைப் பறித்துக்கொண்டு கொடியை மட்டும் பத்திரமாக இந்தப் பக்கம் திருப்பி விட்டார். எங்கள் மண்புழுக்களுக்கு ஒரு வேளை காபிச் சக்கை தவறினால் தலையைத் தூக்கிப் பார்க்கும். எங்கள் மிளகாயின் காரம் தாங்காமல் மீட்டர் பார்க்க வந்த மின்வாரியப் பையன் தும்மிய தும்மலில் அந்த முறை ரீடிங்கே குறைந்துவிட்டது. கல்லூரிப் பிள்ளைகள் கேமராவோடு வந்து இதையெல்லாம் பதிவு செய்துகொண்டு போனார்கள். பின்னால், கீரைப் பாத்தியில் குனிந்திருக்கும் பாப்பாயியின் முதுகு படத்தில் விழக் கூடாது என்று கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். அவளும் நின்றாள்.

மார்கழிக் கடைசியில் கட்டடத்துக்காரர் சாமியாத்தாள் சத்தியமங்கலத்திலிருந்து வந்தார். எங்கள் வயதுதான். கழுத்தில் கனத்த சங்கிலி, கையில் பேரன் வாங்கித் தந்த பெரிய போன். மாடி ஏறி வந்து, தோட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்கியபடி சொன்னார்.

"ஏனுங்க தம்பிதுரை, செல்போன் டவர் வெக்கறதுக்கு மாடி கேட்டு ஒருத்தன் நடையா நடக்கறான். தைப் பொங்கல் நோம்பி முடிஞ்சதும் வாடான்னு சொல்லிப்போட்டேன். இந்தத் தொட்டி கிட்டியெல்லாம் அதுக்குள்ள கொஞ்சம் எறக்கிப்போடுங்க."

பாப்பாயி ஒன்றும் பேசவில்லை. கத்திரி இலையைத் திருப்பிப் பூச்சி பார்த்துக்கொண்டிருந்தவள், அந்த இலையை விடாமலே நின்றாள். எனக்குப் பயமாகிவிட்டது. கல்யாணம் ஆன நாள் முதல் அவள் திட்டுவதை வைத்துத்தான் வீட்டு நிலவரம் அறிந்துகொள்கிறேன். திட்டினால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அவள் பேசாமல் இருந்தது அவளுடைய அம்மா செத்தபோது மட்டும்தான்.

அவள் முகத்தைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்தது. நல்ல எண்ணத்தில் திறந்தாலும் அதற்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்.

"ஒரு தோட்டத்த அழிக்கறது பாவமுங்கம்மா," என்றேன்.

"தோட்டமுங்களா?" அவர் சிரித்தார். "டப்பாவுல நாலு செடி வெச்சா அது தோட்டமுங்களா? எங்க பக்கமெல்லாம் தோட்டமுன்னா ஒரு பண்டமாச்சும் நிக்கோணும், பட்டி இருக்கோணும், பட்டிப் பொங்கல் வெக்கோணும். அப்புடி இருந்தா நானே டவர்காரன வேற எடம் பாருடான்னு தாட்டியுட்டுருவேன்."

பண்டம் என்றால் எங்கள் சீமையில் மாடு. பட்டி, அதைக் கட்டுகிற இடம். மாட்டுப் பொங்கலன்று அந்தப் பட்டியிலேயே பொங்கல் வைத்து, சாணத்தில் சின்னதாக ஒரு தெப்பக்குளம் கட்டித் தண்ணீர் விட்டு, மாட்டை அதை மிதித்துத் தாண்ட வைப்பதுதான் பட்டிப் பொங்கல்.

"வெக்கறோமுங்களே," என்றேன்.

பாப்பாயியின் கை இலையை விட்டது.

"எங்கீங்க?"

"இங்கதானுங்க. இதே மாடியில. வருசா வருசம்."

"மாடு?"

"மாடு இல்லாமப் பட்டிப் பொங்கலுங்களா? என்னங்கம்மா நீங்க, வெவரம் இல்லாதவீங்களாட்டம் கேக்கறீங்க!"

சாமியாத்தாள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மாட்டுச் சந்தையில் பல் பிடித்துப் பார்ப்பதுபோல இருந்தது. "அப்பச் சரீங்க. மாட்டுப் பொங்கலன்னிக்குப் பொழுதோட வாரேன். பட்டி இருந்தா டவரு இல்ல. பட்டி இல்லீன்னா தொட்டி இல்ல."

அவர் ஆட்டோ ஏறிப் போன பிறகு பாப்பாயி வாயைத் திறந்தாள்.

"மாடு எங்கீங்க?"

"வரும்."

"எப்புடி வரும்? உங்க பீர்க்கங்கொடியப் புடிச்சு ஏறி வருமா?"

எனக்கு நிம்மதியாக இருந்தது. பேசிவிட்டாள்.

மாட்டுக்கு நான் மாரப்பனிடம் போனேன். சங்கனூர்ப் பள்ளத்தோரம் கொட்டாய் போட்டுக் கறவை மாடு வைத்திருக்கிறார்; எங்கள் தெருவுக்குப் பால் அவருடையது, பாப்பாயியின் தொட்டிகளுக்குச் சாணம் அவருடையது. இந்தப் பக்கத்தில் பேச்சில் எனக்குப் போட்டி என்றால் அவர் ஒருவர்தான். நான் விஷயத்தைச் சொன்னதும் ரோஜா என்ற செவலை மாட்டின் முதுகைத் தட்டினார்.

"இதக் கூட்டிட்டுப் போங்கண்ணா. காந்திபுரத்துல டவுன் பஸ் ஏறி எறங்குன மாடுங்ணா இது."

"பஸ்ஸிலயா?"

"கூட்டமில்லாத பஸ்ஸுங்ணா."

காந்திபுரத்தில் கூட்டமில்லாத பஸ் என்றதுமே நான் சுதாரித்திருக்க வேண்டும். அவர் மனைவி மாசாணியம்மாள் சாணி கூட்டிக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார். "ஏறும். எறங்காது. அப்பறம் என்ற மேல வரப்படாது."

"நீ சும்மா இரு," என்றார் மாரப்பன். "ஏறுறதுக்குத்தான் தெம்பு வேணும். எறங்கறதுக்கு என்ன? பூமியே இழுத்துக்கும்."

எனக்கு அது விஞ்ஞானமாகவே பட்டது.

மாட்டுப் பொங்கலன்று மத்தியானம் ரோஜா வந்தது. கொம்புக்குச் சிவப்புப் பெயின்ட், நெற்றியில் மஞ்சள், கழுத்தில் செவ்வந்தி மாலை. காலையிலிருந்து அதற்குத் தீனியும் தண்ணீரும் காட்டவில்லை என்று மாரப்பன் பெருமையாகச் சொன்னார். "வெறும் வயித்தோட இருந்தாத்தானுங்ணா வெசையா ஏறும்." தெருவே கூடி நின்றது. மில் வாசலில் இருந்த தவிட்டு மூட்டையில் ரோஜா மூக்கை நுழைத்தது. கீதா மூட்டையை உள்ளே இழுத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏத்திப்போடுவீங்க மாமா. எறக்கறது எப்புடீங்க?"

"அதுக்கெல்லாம் ஒரு மொறை இருக்குது அம்மணி."

"என்ன மொறைங்க மாமா?"

"ஏத்துன பொறகு சொல்றேன்."

ரோஜா படியேறியதை நான் உள்ளபடியே சொல்கிறேன், கூட்டவில்லை. தள்ளவும் இல்லை, இழுக்கவும் இல்லை. மூன்று தளமும், வாடகைக்கு வீடு பார்க்க வந்தவள்போல, அங்கங்கே நின்று சுவரை மோந்து பார்த்துவிட்டு ஏறியது. எங்கள் வீட்டுக் கதவருகே நின்று உள்ளே எட்டிக்கூடப் பார்த்தது. மாரப்பன் என் தோளில் தட்டினார். நான் அவர் தோளில் தட்டினேன். எங்கள் இருவர் வாழ்க்கையிலும் சொன்னபடி ஒன்று நடப்பது அதுவே முதல் முறை.

மேலே பாப்பாயி எல்லாம் தயாராக வைத்திருந்தாள். வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்துப் பந்தல் காலில் காப்புக் கட்டியிருந்தாள். மூலையில் சாணத்தால் சதுரமாகத் தெப்பக்குளம், நாலு பக்கமும் கரும்பு, நடுவில் மிதக்கும் பூ. பொங்கல் பொங்கிக்கொண்டிருந்தது. கத்திரி அத்தனையும் காயும் பூவுமாக நின்றது. அன்று அந்தத் தோட்டம் இருந்த அழகைப் பார்த்தால் டவர்காரனே தொட்டி வாங்கப் போயிருப்பான். பாப்பாயி புடவைத் தலைப்பால் ஒவ்வொரு டப்பாவாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒருவேளை கடைசித் தடவையாக இருக்கலாம் என்று துடைக்கிற துடைப்பு அது. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாமியாத்தாள் சொன்னபடி வந்தார். மாடியில் மாட்டைப் பார்த்ததும் படி வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் முகம் போன போக்கில் என் மீசை ஒரு சுற்றுப் பெருத்தது.

பூசை முடிந்தது. பொங்கலும் பழமும் பிசைந்து ரோஜாவுக்குக் கொடுத்தோம், ஒரே வாய். அடுத்து தெப்பக்குளம் மிதிக்க வேண்டும். மாரப்பன் கயிற்றைப் பிடித்து ஓட்டிக்கொண்டு வந்தார். ரோஜா குளக்கரையில் நின்றது, குனிந்தது, காலையிலிருந்து தண்ணீர் காணாத மாடு அல்லவா, குளத்தைக் குடித்துவிட்டது. பூவையும் விடவில்லை. கரையாக நின்ற கரும்பில் ஒன்றை எடுத்துக்கொண்டது.

"குடிக்குதுங்களே," என்றார் சாமியாத்தாள். "தாண்டோணுமில்லீங்களா?"

"இது டவுன் வழக்கமுங்கம்மா," என்றேன். "இங்க தண்ணிக்குப் பஞ்சம். மாடு குளத்தக் குடிச்சா அந்த வருசம் மழை நல்லாப் பேயும்."

"ஆமாங்க," என்றார் மாரப்பன். "எங்க ஐயன் காலத்துலயும் குடிச்சுது."

அதோடு விட்டிருக்கலாம். மாட்டை விரட்டி ஓட்டும்போது தட்டைக் கொட்ட வேண்டும் என்பது முறை. முறை தவறக் கூடாது என்று நான்தான் பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துக் கரும்பால் ஓங்கி அடித்தேன். குடோன் சுவரெல்லாம் அதிர்ந்தது. ரோஜா மிரண்டு, மாரப்பன் கையிலிருந்த கயிற்றை உருவிக்கொண்டு, நேரே பாத்திக்குள் பாய்ந்தது. பாய்ந்த இடத்தில் பசி ஞாபகம் வந்துவிட்டது.

முதலில் அரைக்கீரை. அப்புறம் தக்காளி, செடியோடு. பிறகு தெருவைத் தாண்டிய என் புகழ்பெற்ற பீர்க்கங்கொடியைப் பந்தலிலிருந்து இழுத்து, சேமியா உறிஞ்சுவதுபோல நுனி வரை உள்ளே இழுத்துக்கொண்டது. கடைசியாகக் கத்திரி. மாரப்பன் வாலைப் பிடித்தார், நான் மாரப்பனைப் பிடித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. மிச்சம் நின்றது மிளகாய் மட்டும். அதன் காரத்தைப் பற்றி நான் சொன்னது ரோஜாவுக்கும் எட்டியிருக்க வேண்டும்.

பாப்பாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். மறுபடியும் பேச்சில்லை.

சாமியாத்தாள் மாட்டைப் பார்த்தார், மொட்டைக் குச்சிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பட்டி இருக்குதுங்க. கண்ணால பாத்துட்டேன். தோட்டத்தத்தான் காணோம்."

பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி, எறக்குங்க. மாடு எறங்கற அழகப் பாத்துட்டுப் பஸ்ஸுக்குப் போறேன்."

வயிறு நிறைந்த ரோஜா படி வாசல் வரை மரியாதையாக வந்தது. கீழே எட்டிப் பார்த்தது. அப்புறம் திரும்பி மாரப்பனை ஒரு பார்வை பார்த்தது. டவுன் பஸ் கதையை அதுவும் அப்போதுதான் கேள்விப்பட்டதுபோல இருந்தது. வெல்லம் காட்டினோம், தலையை மட்டும் நீட்டித் தின்றது. என் துண்டால் கண்ணைக் கட்டினோம். கண் கட்டியதும் படுத்துவிட்டது. பின்பக்கமாக நடத்தி இறக்கலாம் என்றார் மாரப்பன். அதில் என் கால் பெருவிரல் ஒன்று நசுங்கியது தவிர முன்னேற்றம் இல்லை. பூமி அவ்வளவு பக்கத்தில் இருந்தும் இழுக்கவே இல்லை. எதிர்ச்சாரியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ரசாக் பாய் வந்து பார்த்துவிட்டு, "நாளைக்குப் பாரம் தூக்கற செயின் பிளாக் கட்டி வெளிப்பக்கமா எறக்கிரலாமுங்ணா, கவலப்படாதீங்க," என்று சொல்லிப் போனார்.

சாமியாத்தாள் கேட்டார். "வருசா வருசம் ஏத்தி எறக்கறவீங்கதானுங்களே? இத்தன வருசம் எப்புடி எறக்குனீங்க?"

இப்படிக் கேட்பார் என்று நான் யோசிக்கவே இல்லை. "மத்த வருசமெல்லாம் தானா எறங்குமுங்க. இந்த வருசம் அதுக்கு எடம் புடிச்சுப்போச்சு."

அவர் சிரிக்கத் தொடங்கினார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். "தம்பிதுரை, எங்கண்ணன் ஆனைமலை ஹாஸ்டல்ல படிச்சவன். உங்கய்யன் கடையிலதான் வாடகை சைக்கிள் எடுப்பான். உங்கூட்டுப் பட்டியில நின்னதெல்லாம் ஒட்டுப் போட்ட சைக்கிளுங்க. பொய் சொல்றவீங்கள நா எத்தனையோ பாத்துட்டேன். சொன்ன பொய்க்கு மூக்கணாங்கவுறு கட்டி மாடிக்கே ஏத்துனவரு நீங்க ஒருத்தருதான்."

பாப்பாயி கிட்டே வந்து நின்றாள். "எடுத்துப்போடறோமுங்க அக்கா," என்றாள் மெதுவாக. "டப்பாவெல்லாம் நாளைக்கே எறக்கிப்போடறோம். இனி அதுல என்ன இருக்குது."

சாமியாத்தாள் சிரிப்பை நிறுத்திவிட்டார். பாப்பாயியையும் குச்சிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நா சொன்ன சொல்லு சொல்லுதானுங்க," என்றார். "மாடு மேல நிக்கற வரைக்கும் டவருப் பேச்சில்ல. என்னிக்கு அது கீழ எறங்குதோ, அன்னிக்கே டவர்காரனுக்குப் போனப் போடுவேன்."

மறுநாள் காலை ரசாக் பாய் செயின் பிளாக்கும் பெல்ட்டும் தூக்கிக்கொண்டு வந்தார். நான் படியிலேயே மறித்தேன்.

"வேண்டாம் பாய். மாடு மேலயே இருக்கட்டும்."

"மேலயேவா? எத்தன நாளைக்குங்ணா?"

"அது சாகற வரைக்கும். இல்லீன்னா நான்."

அவர் என் பெருவிரலைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் செயின் பிளாக்கைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட்டு, தகர ஷீட்டோடு வந்து மாட்டுக்கு நிழலாக ஒரு சாய்ப்பு இறக்கிக் கொடுத்தார்.

மாரப்பன் மறுத்துச் சண்டைக்கு வருவார் என்று பார்த்தேன். அவருக்கு ஏற்பாடு பிடித்துவிட்டது. "தீனி உங்களுது, பாலு என்றது, சாணி அக்காளுது. ஒருத்தருக்கும் நட்டமில்லீங்ணா."

"எனக்கு என்ன?"

"உங்களுக்குத்தான் பேரு இருக்குதுங்களே."

அப்படியாக நான் விவசாயி ஆனேன். விடிந்ததும் மாட்டுத் தீனிக்குச் சோளத்தட்டுக் கட்டு வந்து மில் வாசலில் விழும். அதைத் தோளில் வைத்து மூன்று தளம் ஏற வேண்டும். மாட்டுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும், சாணி அள்ள வேண்டும், பாப்பாயியின் டப்பாக்களுக்குப் போக மிஞ்சியதைச் சட்டியில் கீழே இறக்க வேண்டும். பால் கறக்க மாசாணியம்மாள் இரு வேளையும் ஏறி வருவார். வரும்போதெல்லாம் என்னைப் பார்த்து, "நாஞ்சொன்னனுங்களே," என்பார். நான் பதில் சொல்ல மாட்டேன். சொல்ல மூச்சு இருக்காது. கல்லூரிப் பிள்ளைகள் மறுபடி கேமராவோடு வந்தார்கள். கட்டோடு படியில் உட்கார்ந்து இரைத்துக்கொண்டிருந்த என்னால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அந்தப் படத்தில் என்னை மௌனமாக மண்ணை நேசிக்கும் மனிதர் என்று போட்டிருப்பதாகக் கீதா காட்டினாள். பேசிப் பேசி வராத புகழ்.

சாணி கிடைத்த குச்சிகள் மாசி பிறந்ததும் துளிர்த்தன. கத்திரி முன்னைவிடக் கருகருவென்று வந்தது. "தட்டு நறுக்கிப் போடத் தெரியாதுங்களா, மாடென்ன பல்லுக் குச்சியா வெச்சுக்கும்?" என்று ஒரு நாள் பாப்பாயி கத்தினாள். என் காதில் தேன் பாய்ந்தது.

இந்தச் சமயத்தில்தான் அது நடந்தது. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தால் நாலு மணி வரை எனக்கு உலகம் தெரியாது. அன்று கரண்ட் போய் ஃபேன் நின்றதில் பாதியில் விழித்துக்கொண்டேன். படியில் 'டொக், டொக்' என்று சத்தம். கதவிடுக்கில் பார்த்தேன்.

ரோஜா இறங்கிக்கொண்டிருந்தது. உடம்பைச் சற்றே சாய்த்து, கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கும் அம்மணிபோல, படிப்படியாக, அவசரமில்லாமல். கழுத்தில் கயிறுகூட இல்லை. பின்னால் பாப்பாயி கைவீசிக்கொண்டு போனாள்.

நான் பூனைபோலத் தொடர்ந்து போய்க் கீழ்ப்படித் திருப்பத்தில் ஒளிந்துகொண்டேன். மில்லுக்குள் கீதா தவிட்டுத் தாம்பாளத்தை நீட்ட, ரோஜா தினம் வரும் வாடிக்கைக்காரிபோல வாய் வைத்தது.

"அத்தே, மாமாகிட்டச் சொல்லீரலாமுங்களே?" என்றாள் கீதா. "நோம்பி முடிஞ்ச வாரத்துலயே தவுட்டு வாசத்துக்கு இது எறங்கப் பழகீருச்சு. அவரு பாவம், கட்டுத் தூக்கித் தூக்கிக் கழுத்தே உள்ள போயிருச்சு."

"அவருகிட்டயா?" என்றாள் பாப்பாயி. "அவருக்குத் தெரிஞ்சா டீக்கடைக்குத் தெரியும். டீக்கடைக்குத் தெரிஞ்சா காந்திபுரத்துக்குத் தெரியும். அங்கிருந்து சேதி பஸ் ஏறிப் பொழுதோட சத்தியமங்கலம் போயிரும். சாமியாத்தாக்கா போனெடுத்தாங்கன்னா என்ற கத்திரிக்காயெல்லாம் போச்சு. நீயும் வாயத் தொறந்துபோடாத கண்ணு. அவரு எளச்சாலும் தேவல. சுகருக்கு நடங்கன்னு டாக்டரு சொல்லி எத்தன வருசமாச்சு!"

நான் சத்தமில்லாமல் மேலே போய்ப் படுத்துக் குறட்டை விட்டேன்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொல்லக்கூடிய ஒரு கதை, எழுபது வயதில், முதல் முறையாக என் கைக்கு வந்திருக்கிறது. அதை வெளியே விட்டால் பாப்பாயியின் தோட்டம் போய்விடும். டீக்கடையில் ரசாக் பாய், "மாடு எப்புடீங்ணா?" என்று கேட்கும்போதெல்லாம் அந்தக் கதை தொண்டை வரை வந்து கதவைத் தட்டும். நான் வடையை வாயில் அடைத்துக்கொண்டு, "மேலதான் இருக்குது," என்பேன். இரண்டு முறை நாக்கைக் கடித்துக்கொண்டேன். தினமும் கட்டைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். மத்தியானம் ஆனால் தவறாமல் குறட்டை விட்டேன்.

பங்குனியில் டவர்காரன் பொறுமை இழந்து அடுத்த தெருக் கல்யாண மண்டபத்து மாடியில் டவரை நட்டான். சாமியாத்தாள் பாப்பாயிக்குப் போன் செய்து, "இனி என்னுங்க அக்கா, செடியே வெய்யுங்க, நா ஒண்ணுஞ் சொல்லல," என்று சொல்லிவிட்டார்.

அன்று நான் டீக்கடைக்கு நடந்து போகவில்லை, ஓடினேன். ரசாக் பாய் இருந்தார், மாரப்பன் இருந்தார். மூச்சு விடாமல் முழுக் கதையையும் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை.

ரசாக் பாய் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். "அந்தப் பீர்க்கங்கொடி கதையே தேவலைங்ணா. அது கொஞ்சம் நம்பறாப்பல இருந்துச்சு."

"மாரப்பா, நீயாச்சும் சொல்லு. உன்ற மாடு தானே?"

"என்ற மாடு எறங்கவே எறங்காதுங்ணா," என்றார் மாரப்பன். "அன்னிக்கே சொன்னனுங்களே."

வீட்டுக்கு வந்தபோது பாப்பாயி மில் வாசலில் நின்றிருந்தாள்.

"சொல்லி முடிச்சாச்சுங்களா?"

"உனக்கு எப்புடித் தெரியும்?"

"படித் திருப்பத்துல ஒளிஞ்சவீங்க, மாடு நசுக்கிக் கட்டுப் போட்ட கால் பெருவெரல வெளிய நீட்டாம ஒளியோணும். வாயத் தொறக்கறீங்களா இல்லியான்னு இத்தன நாளாப் பாத்துட்டுத்தான் இருக்கறேன்." கொஞ்சம் நின்று, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "தொறக்கல."

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. இதுவும் எனக்கு முதல் முறை.

"ஆருமே நம்பல பாப்பாயி."

"நம்பமாட்டாங்க. கீழ தட்டு வந்து கெடக்குது, தூக்குங்க."

"இனி எதுக்கு? அதுதான் கீழ வருதில்ல. இங்கயே தின்னுட்டுப் போகட்டும்."

"மாடு தானா வந்து திங்குதுன்னு சொன்னா ஆருங்க நம்புவாங்க?" என்றாள். "தூக்குங்க, வெயில் ஏறுது."

கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறினேன். பாதிப் படியில் எதிரே ரோஜா இறங்கி வந்தது. நல்ல அகலமான படி. நான் கட்டோடு சுவரோரம் ஒதுங்கி நின்று, அதற்கு வழி விட்டேன்.